முதலில் அறையின் நடுவைக் கண்டுபிடி

சீட்டுக் காசில்
தலவாக்கலை ஹாட்வெயாரில் வாங்கியது
எண்பத்து மூன்று டைல்ஸ், எல்லாம் செகண்ட்ஸ்,
மூன்று நிறம்.
மூலை உடைந்தது ஒன்பது, அது சும்மா.
பெட்டிக்கு அடியில் ஈரம் உறிஞ்சக் கிடந்த தாள்களோடு
இந்தப் படக்கதை.
"அதையும் கொண்டு போங்க" என்றார் முதலாளி,
"எங்கப்பா காலத்துச் சாமான்."
அட்டையில் விலை ஒரு ரூபாய் ஐம்பது சதம்.

கதாநாயகன் திரு. குணபால.
டை கட்டிக்கொண்டு முழங்காலில் நிற்கிறார்,
டையில் ஒரு பொட்டுச் சிமெந்து இல்லை.
அவர் மனைவி பக்கத்துக்குப் பக்கம்
தேத்தண்ணி கொண்டு வருகிறாள்.
எண்ணினேன், பதினொரு கோப்பை.
அவளுக்குப் பேச ஒரு குமிழ்கூட இல்லை.

சிங்களத்தை வெள்ளை மை பூசி மறைத்து
யாரோ தமிழில் எழுதியிருக்கிறார்கள்.
நம்முடைய சொல்லெல்லாம் நீளம்.
"ஒட்டிக்கொள்ளும்படியாக" என்பது குமிழுக்குள் அடங்காமல்
"யாக" மட்டும் வெளியே வந்து
குளியலறைச் சுவரில் தொங்குகிறது.

இரண்டாம் கட்டம்:
முதலில் அறையின் நடுவைக் கண்டுபிடி.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
மகள் சுகந்தினி ஒரு முனையில் கயிறு பிடித்தாள்,
சோக்கால் இரண்டு கோடு கிழித்தோம்.
நடு போய் விழுந்தது
ஒழுக்குக்கு வைத்த வாளிக்குக் கீழே.
ஜூலை மாதம், வாளியை எங்கே நகர்த்துவது?
குணபால வீட்டில் மழையே இல்லை.
நான்கு மூலையும் நேர்.
இங்கே தவராணிக்கும் எனக்கும் பொதுவான சுவர்
இரண்டு அங்குலம் அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது.
"உன் வீடு மட்டும் வளருது" என்பாள்,
சிரித்துக்கொண்டுதான்.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தார்.
இஸ்தோப்பில் இருந்த சிமெந்து மூட்டையைக் காலால் தட்டினார்.
காம்பரா கம்பெனிச் சொத்து, எதையும் ஒட்டக் கூடாது.
எழுத்தில் தாங்க என்றேன்.
எழுத்திலெல்லாம் தர மாட்டார்களாம்.

சரி, ஒட்டவில்லை.
மணலைச் சலித்துப் பரப்பி
சும்மா வைத்தேன், ஒன்றின் தோளில் ஒன்று.
வைக்கும் முன் முதுகில் பென்சிலால் இலக்கம்.
வாளிக்கு அடியில் முப்பத்தேழு.
கட்டிலுக்குக் கீழே டைல்ஸ் காணாது,
அங்கே சாணி மெழுகியபடியே.
ஏழு பேர்ச்சஸ் காணி கிடைக்கிற அன்று
வரிசையாகக் கழற்றி
உரச் சாக்கில் அடுக்கி
தரையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.
காணிப் பட்டியலில் நாங்களும் ஓர் இலக்கம்தான், இருநூற்றுப் பதினான்கு.
அதைப் பென்சிலால் எழுதினார்களோ பேனையால் எழுதினார்களோ.

கால் பட்டால் டக் என்கிறது.
இருட்டில் இவர் வருவது
படுத்தபடியே எனக்குத் தெரியும்:
பதினாறு, பதினேழு, இருபத்து நான்கு.
குடித்திருந்தால்
இருபத்து நான்கு இரண்டு தரம்.

பதின்மூன்றும் பதினான்கும் கிழிந்து போயிருந்தன.
பன்னிரண்டாம் பக்கத்தில் குணபால
மூலைக்கு முன் நின்று தலையைச் சொறிகிறார்.
பதினைந்தில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.
எப்படி வெட்டினார் என்று
அந்த மனைவிக்குத்தான் தெரியும்.
உடைந்த ஒன்பதையும் அப்படித் திருப்பி இப்படித் திருப்பி
தவராணி சுவரோரம் செருகினேன்.
ஓர் இடம் இன்னும் ஓட்டை,
தீப்பெட்டி அளவு.

நேற்று அரைப் பேரோடு வந்தபோது
சுகந்தினி கொப்பித் தாளில்
இல்லாத பக்கத்தை வரைந்துகொண்டிருந்தாள்.
முதலில் சொல்லை எழுதினாள்.
எழுதி முடித்த பிறகு
சுற்றி வளைத்துக் குமிழ் போட்டாள்,
தாளில் பாதி.
கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு
அந்த அம்மா சொல்கிறாள்:
"டையைக் கழற்றிட்டு அந்தப் பக்கம் பிடிங்க."